சைலன்சர் மாற்றமும் கார்ப்புரேட்டர் திருத்தமும்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மாணவர் தம் வண்டியில் முதன்முதலாகச் செய்துகொள்ளும் மாற்றம் பெரும்பாலும் சைலன்சர் மாற்றமாகவே இருக்கிறது. பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். அல்லது முழக்கம் போதவில்லை என்ற குறையாக இருக்கலாம். பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் கூடுமிடத்திலுள்ள மல்லிக் பஜாருக்கு ஒரு நடை போய்வந்தால் காரியம் முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் காரியம் தொடங்குகிறது.

சைலன்சரை மாற்றியவர்க்கு இருவகை அறிவுரைகள் கிடைக்கும். "மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிவிடு" என்பார் ஒருவர். "ஒன்றும் செய்ய வேண்டாம், தானே சரியாகிவிடும்" என்பார் மற்றொருவர். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது தவறு. பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சினை நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டினால் வெளியேற்று வால்வு தீயும், பிஸ்டன் இறுகும். வீட்டிலிருந்து வரும் மாதப் பணத்தில் விடுதிச் செலவும் பார்த்துப் பிஸ்டனும் மாற்ற முடியாது. பெட்ரோல் மிகுந்தாலோ பிளக் கரியாகும், எரிபொருள் வீணாகும், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய் கழுவப்படும். ஆகவே எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை நாமே சோதித்து அறியும் முறையைக் கற்றுக்கொள்வது நலம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

எடுத்துக்காட்டாக நம்மவர்க்கு நெருங்கிய வண்டி ஒன்றையே கொள்வோம். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமும் கூடி 1955-இல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த 350 சி.சி. புல்லட் இன்றும் கொல்கத்தாவின் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே நாம் பேசுவது இரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சினையும், அதிலுள்ள 24 மில்லிமீட்டர் மிக்கார்ப் கார்ப்புரேட்டரையும் பற்றியது. பின்னாளில் வந்த புல்லட்டுகளில் வெற்றிடத்தால் இயங்கும் கார்ப்புரேட்டர் இருந்தது. 2020 ஏப்ரலில் பாரத் 6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்ப்புரேட்டரே இல்லை. எரிபொருளைப் பீச்சும் கருவி வந்துவிட்டது. தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. திருத்தும் வழிதான் வேறு.

காற்றின் கணக்கு

முதற்கண் ஒரு சிறு கணக்கு. இவ்வெஞ்சினின் கொள்ளளவு 346 சி.சி. நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் 1500 முறை இழுக்கும். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுதாக நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 519 லிட்டர் காற்று. அதன் எடை 620 கிராம் அளவில் இருக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே அந்த நிமிடத்தில் வேண்டிய பெட்ரோல் சுமார் 42 கிராம்.

புதிய சைலன்சரால் எஞ்சின் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதலாகக் காற்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் நிமிடத்துக்கு 2 கிராம்தான். நாம் தேடும் திருத்தம் இவ்வளவு சிறியது! மூன்று நான்கு எண் தாண்டிப் பெரிய ஜெட்டை ஒரேயடியாக மாட்டுவது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது இதிலிருந்தே விளங்கும்.

குழாய் மாறினால் மாறுவது யாது?

எரிந்த புகை முழுவதும் சிலிண்டரை விட்டு வெளியேறுவதில்லை. நெருக்கமான சைலன்சர் புகையைத் தடுக்கும்போது அதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கி, புதிய காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தடை குறைந்தால் தங்கும் புகை குறையும். புதிய காற்று கூடும்.

இன்னொன்றும் நிகழ்கிறது. வெளியேற்று வால்வு திறக்கும்போது குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அது குழாயின் முடிவை அடைந்து திரும்பிவரும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. இரு வால்வுகளும் சிறிது நேரம் ஒருசேரத் திறந்திருக்கும் அல்லவா? அத்தருணத்தில் தாழ்ந்த அழுத்தம் திரும்பிவந்தால் புகை உறிஞ்சப்பட்டுப் புதுக்காற்று நன்கு நிரம்பும். உயர்ந்த அழுத்தம் வந்தால் புகை பின்வாங்கும். எனவே குழாயின் நீளம் மாறினால், ஒரு வேகத்தில் எஞ்சின் பலம் பெறும், வேறொரு வேகத்தில் பலம் இழக்கும். முழக்கம் கூடியதாலேயே பலமும் கூடியது என்று கொள்ளலாகாது.

காற்று கூடினால் பெட்ரோலும் தானே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம், நல்ல கேள்வி. வேகமாக ஓடும் பாய்பொருளின் அழுத்தம் குறையும் என்று டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதிய நூலில் விளக்கினார். கார்ப்புரேட்டரின் அடிப்படை அதுவே. குறுகிய வழியில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட் வழியே மேலெழுந்து காற்றில் கலக்கிறது. காற்று விரைந்தால் பெட்ரோலும் மிகுதியாக வரும். ஆகவே கார்ப்புரேட்டர் ஓரளவு தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. "ஒன்றும் வேண்டாம்" என்பவரின் பேச்சில் உள்ள உண்மை இதுதான்.

ஆனால் இப்பொருத்தம் எல்லா வேகத்திலும் ஒரே அளவில் அமைவதில்லை. காற்று சீராக ஓடாமல் விட்டுவிட்டுத் துடித்து வருகிறது. குழாய் மாறினால் அத்துடிப்பும் மாறும். முன்பே விளிம்பில் இருந்த கலவை சற்றே வறண்டுவிட இது போதும். சைலன்சரோடு காற்று வடிகட்டியையும் கழற்றிவிட்டவர்க்கு வறட்சி பன்மடங்காகும். வடிகட்டியைத் தொடாதீர்கள். கொல்கத்தாவின் தூசியை வடிகட்டாமல் உள்ளே விட்டால் சிலிண்டர் விரைவில் தேயும்.

மூன்று வாயில்கள்

கார்ப்புரேட்டரில் பெட்ரோல் வரும் வழி ஒன்றன்று. பைலட் ஜெட், ஊசி, மெயின் ஜெட் என்று மூன்று உண்டு. எது வேலை செய்கிறது என்பது வண்டியின் வேகத்தைப் பொறுத்ததன்று. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் ஸ்லைடின் அடியிலுள்ள சரிவான வெட்டும் ஆள்கின்றன. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை ஊசியின் ஆட்சி. அதற்கு மேல் மெயின் ஜெட்.

இதைக் கொல்கத்தா வாழ்க்கையோடு ஒட்டிப் பாருங்கள். காலேஜ் ஸ்ட்ரீட்டிலும் சியால்தாவிலும் கரியாஹாட்டிலும் நெரிசலில் ஊர்ந்து செல்பவர் கால் பங்குக்கு மேல் ஆக்சிலேட்டரைத் திருகுவதே அரிது. அவர் நாள் முழுவதும் ஓட்டுவது பைலட் ஜெட்டில். அவருடைய வண்டி விக்கினால் மெயின் ஜெட்டை மாற்றி என்ன பயன்? விடுமுறையில் துர்காபூர் விரைவுச் சாலையில் செல்பவர்க்கு ஊசி முக்கியம். எதிர்க்காற்றிலோ ஏற்றத்திலோ முழுதாகத் திருகும்போதுதான் மெயின் ஜெட்டின் முறை வருகிறது. எங்கே குறை தோன்றுகிறது என்று அறிந்தால், எதைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை இது: ஆக்சிலேட்டர்ப் பிடியின் மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டி அதில் ஒரு கோடு போடுங்கள். அசையாத பகுதியில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என ஐந்து கோடுகள் இடுங்கள். செலவு ஒன்றுமில்லை, இதைவிடப் பயனுள்ள கருவியும் இல்லை.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

கார்ப்புரேட்டரின் மேல் பழிபோடுமுன் மற்றவற்றைச் சரிபார்க்க வேண்டும். எஞ்சினும் புகைக்குழாயும் சேருமிடத்தில் கசிவு இருக்கலாகாது. ஆக்சிலேட்டரை மூடி வேகம் குறைக்கும்போது பின்னால் படபடவென்று வெடிப்பதற்குப் பெரும்பாலும் இக்கசிவே காரணம். வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாத பெட்ரோலோடு சூடான குழாயில் சேர்ந்து தீப்பற்றுகிறது. கசிவை அடைக்காமல் ஜெட்டை மாற்றிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றது.

அடுத்து, கார்ப்புரேட்டரும் எஞ்சினும் சேருமிடத்தையும் பாருங்கள். வடிகட்டி தூயதாக இருக்கட்டும். பிளாட்டினம் பாயிண்ட் உள்ள வண்டியானால் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி டாப்பெட்டைப் பாருங்கள். தள்ளுகோல்கள் விரலால் எளிதில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது. இவையெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் கார்ப்புரேட்டர் சொல்வது நமக்குப் புரியும்.

திருத்தும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். எதை எவ்வளவு மாற்றினோம் என்று குறிப்பேட்டில் உடனே எழுதிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டு விதிகளையும் மீறினால் இரண்டாம் நாளே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும் வழியும் தெரியாமற் போகும்.

இங்கிலாந்துப் புல்லட்டுகளுக்குக் கார்ப்புரேட்டர் செய்த அமால் நிறுவனம் தன் கையேடுகளில் ஒரு வரிசையை வகுத்தது: முதலில் மெயின் ஜெட், பின்பு பைலட், அதன்பின் ஸ்லைடு வெட்டு, அடுத்து ஊசி, இறுதியில் மீண்டும் பைலட். மெயின் ஜெட்டை முதலில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சினுக்கு ஆபத்து மிகுந்த இடம் முழுத் திறப்பே.

மெயின் ஜெட்: பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். நகருக்கு வெளியே, காலையில், ஆளற்ற நேரான சாலையில் இரண்டாம் கியரில் முழுதாகத் திருகிப் பாருங்கள்; இதனால் வேகமும் சட்ட வரம்புக்குள் இருக்கும். பிறகு பிடியைச் சிறிதளவு பின்வாங்குங்கள். பின்வாங்கியவுடன் எஞ்சின் சற்று எழுந்து இழுத்தால் ஜெட் சிறியது. முழுத் திறப்பில் எஞ்சின் கனத்து, தடுமாறி, கரும்புகை விட்டால் ஜெட் பெரியது. ஒரே வகை ஜெட்டுகளில் எண் கூடினால் துளையும் கூடும்; ஒவ்வோர் எண்ணாக மட்டும் ஏறுங்கள். துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பைலட்: ஸ்லைடைத் தாங்கும் திருகால் எஞ்சின் அணையாமல் ஓடும்படி வைத்து, கலவைத் திருகை மெல்ல இருக்கையில் பொருந்தும்வரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஸ்லைடுத் திருகால் வேகத்தைக் குறையுங்கள். இத்திருகு வடிகட்டிப் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; வெளியே திருப்பினால் கலவை வறளும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது; வெளியே திருப்பினால் கலவை செறியும். காற்றுத் திருகை ஏறக்குறைய முழுதும் மூடினால்தான் எஞ்சின் சீராகும் என்றால் பைலட் ஜெட் சிறியது. மூன்று சுற்றுக்கு மேல் திறக்க நேர்ந்தால் அது பெரியது.

ஸ்லைடு வெட்டு: சட்டென்று திருகும்போது கார்ப்புரேட்டர் வழியாகத் தும்மினால் தொடக்கக் கலவை வறண்டது. பைலட்டைச் சிறிது செறிவாக்கினால் பெரும்பாலும் இது தீரும். சைலன்சர் மாற்றத்துக்காக மட்டும் ஸ்லைடை மாற்ற நேர்வது அரிது.

ஊசி: அரைத் திறப்பில் சீராகச் செல்லும்போது எஞ்சின் துள்ளினாலோ மிகையாகச் சுட்டாலோ ஊசியைப் பாருங்கள். அதன் தலைப்பகுதியில் சிறு பள்ளங்கள் உண்டு; ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலேறும், பெட்ரோல் கூடும். கிளிப்பை மேலேற்றினால் பெட்ரோல் குறையும். ஒரு பள்ளத்துக்கு மேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

பிளக்கும் சான்றிதழும்

சோதனைக்குச் சான்று வேண்டும். அதைத் தருவது பிளக். முழுத் திறப்பில் சிறிது தூரம் ஓடி, கிளட்சைப் பிடித்து, அக்கணமே எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மெதுவாக ஓட்டிவந்து பார்த்தால் பைலட்டின் கறையே தெரியும். பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் நன்று. சுண்ணாம்பு வெண்மை வறட்சியின் அறிகுறி. உலர்ந்த கரி செறிவைக் காட்டும். ஈரமான எண்ணெய்க் கறை கலவையைப் பற்றியதன்று. தேய்ந்த வளையத்தையோ வால்வு வழிகாட்டியையோ பற்றியது. 2000-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுவதால் பழைய நூல்களில் சொன்ன அளவுக்கு நிறம் தெளிவாகப் படிவதில்லை. பீங்கானின் அடிப்பகுதியைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

இரண்டாம் சான்று நமக்கு ஏற்கெனவே கட்டாயமானது: மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ். எஞ்சின் நின்றபடி ஓடும்போது எடுக்கும் அளவு ஆதலால் அது பைலட்டின் நிலையை எண்ணாகவே சொல்லிவிடுகிறது. 2000 மார்ச் 31 வரை செய்யப்பட்ட இருசக்கர வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 விழுக்காடு. அதன்பின் பாரத் 4 வருமுன் செய்யப்பட்டவற்றுக்கு 3.5 விழுக்காடு. இவ்வெண் வரம்பை ஒட்டி நின்றால் கலவை செறிவு. கார்பன் மோனாக்சைடு மிகக் குறைந்து ஹைட்ரோகார்பன் எண் மட்டும் ஏறியிருந்தால், வறட்சியால் எஞ்சின் சில வீச்சுகளில் எரியாமல் தவறுகிறது என்று கொள்ளலாம். சான்றிதழைக் கண்ணாடி உறைக்குள் போடுமுன் எண்களைப் படியுங்கள்.

பெட்ரோலும் மலையும்

சைலன்சரைத் தவிர வேறிரு காரணங்களும் கலவையை மாற்றும். அவற்றை மறந்தால் குற்றமற்ற குழாயின் மேல் பழி விழும்.

முதலாவது எத்தனால். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-இல் எட்டியது. எத்தனாலின் ஒரு கிராம் எரிய 9 கிராம் காற்றே போதும். ஆகவே கலப்பு எரிபொருளுக்கு வேண்டிய விகிதம் 14.7-லிருந்து சுமார் 13.5 ஆகிறது. அஃதாவது, அதே காற்றுக்குச் சுமார் 9 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். தூய பெட்ரோலுக்கென்று அமைத்த பழைய கார்ப்புரேட்டர் சைலன்சரைத் தொடாமலே அந்த அளவுக்கு வறண்டு நிற்கிறது. நாம் மேலே எடுத்துக்கொண்ட குழாய் மாற்றக் கணக்கைவிட இது பெரிது.

இரண்டாவது உயரம். கொல்கத்தா ஏறத்தாழக் கடல் மட்டத்தில் உள்ளது. டார்ஜிலிங் போகும் வழியில் கூம் ரயில் நிலையம் 2258 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு; கார்ப்புரேட்டரின் கலவை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் செறிகிறது. இங்கே சரியாக அமைத்த வண்டி அங்கே மூச்சுத் திணறுவது இயல்பு. அதற்காக மலையில் ஜெட்டைச் சிறிதாக்கியவர் சிலிகுரிக்கு இறங்கியதும் பழைய ஜெட்டை மாட்டியாக வேண்டும். மறந்து முழு வேகத்தில் சமவெளியில் ஓட்டினால் பிஸ்டன் தப்பாது. ஓரிரு நாள் பயணமானால் ஒன்றும் மாற்றாமல் சற்றுத் திணறலைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை.

சத்தமும் சட்டமும்

இறுதியாக, எந்தச் சைலன்சர் என்ற கேள்வி. 2005 ஏப்ரல் முதல் 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டலாகாது என்பது விதி. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஒலி, காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். நம் விடுதிகளும் வகுப்பறைகளும் அத்தகைய இடங்களிலேயே உள்ளன. பிந்திய வண்டிகளில் சைலன்சருக்குள்ளேயே நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்தால் எந்த ஜெட்டாலும் அதை ஈடுசெய்ய இயலாது.

எனவே துருப்பிடித்த சைலன்சரை மாற்ற வேண்டியிருந்தால், அதே வண்டிக்கென்று செய்த, உட்தடுப்புகள் உள்ள சைலன்சரையே வாங்குங்கள். அப்போது கார்ப்புரேட்டரில் செய்ய வேண்டிய திருத்தம் கலவைத் திருகில் கால் சுற்றோடு முடிந்துவிடவும் கூடும். அப்படியே முடிந்தாலும் மேற்சொன்ன சோதனைகள் வீணல்ல. வண்டி எந்நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும். ஜெட் எண், ஊசியின் பள்ளம், திருகின் சுற்று, பிளக்கின் நிறம், சான்றிதழின் எண் ஆகிய ஐந்தையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது வண்டியை இளையவர் ஒருவர்க்கு விற்கிறீர்களா? சாவியோடு அக்குறிப்பேட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.